பிறநாட்டுக் காணிகளிற் பயிர் செய்யும் சிறு கம்பனிகள்: பணம் முதலிடுமுன் ஆராய வேண்டியவை

நெல்லையோ மரக்கறியையோ பயிரிடும் கமக்காரர் ஒருவர் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுக்குமுன் அதனை நேரிற் சென்று பார்ப்பார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார். வாய்க்காலில் நீர் எப்போது வந்தது என்று அயலவரைக் கேட்பார். எல்லை எது, உறுதி யார் பெயரில் உள்ளது என்பவற்றையும் விசாரிப்பார். ஆயினும் அவரே, கடல் கடந்த நாடொன்றிற் பல்லாயிரம் ஏக்கரிற் பயிர் செய்வதாகக் கூறும் கம்பனியொன்றின் பங்கை வாங்கும்போது, அழகிய படங்களையும் அச்சிட்ட இலாப வீதத்தையும் மாத்திரம் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவதுண்டு.

2007, 2008ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவுத் தானியங்களின் விலை பெரிதும் உயர்ந்தது. அதன் பின்னர் ஆபிரிக்காவிலும், இரசியா, உக்ரேன் ஆகிய நாடுகளிலும், தென்னமெரிக்காவிலும் காணிகளைப் பெற்றுப் பயிர் செய்யவெனப் பல கம்பனிகள் தோன்றின. அவற்றுட் சில நிலைத்தன, பல அழிந்தன. இவ்வாறான கம்பனியை மதிப்பிடுவதற்குக் கணக்கியற் புலமை மாத்திரம் போதாது. கமக்காரர் தம் வயலைப் பற்றிக் கேட்கும் கேள்விகளே இங்கும் முதன்மையானவை. அக்கேள்விகளை எவ்வாறு கேட்பது என்பதை இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

1. இது புதிய தொழிலன்று

பிறநாட்டுக் காணியிற் பணம் முதலிடுவதால் வரும் நன்மை தீமைகளை அறிய இலங்கையின் வரலாறே போதுமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாடே பிரித்தானிய முதலீட்டாளருக்குப் பிறநாட்டுக் காணியாக இருந்தது. காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இற் கோப்பி இலைகளில் ஒருவகைத் துரு நோய் காணப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுள் அந்நோய் கோப்பிச் செய்கையையே அழித்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884இல் முறிவடைந்தது. ஒரே பயிரையே நம்பியோர் தப்பவில்லை; தேயிலைக்கு மாறியோர் தப்பினர்.

தேயிலைத் தோட்டங்கள் பலவற்றை இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட கம்பனிகள் நடத்தின. இவை ஸ்டேர்லிங் கம்பனிகள் எனப்பட்டன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கத்தக்க காணிக்கு உச்ச எல்லை வகுத்தது. 1975இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. இலண்டனிற் பங்கு வைத்திருந்தவர் நல்ல மண்ணையும் நல்ல தேயிலையையும் பெற்றிருந்தார். எனினும் காணி அவர் கையில் நிலைக்கவில்லை. இன்று இலங்கையர் ஒருவர் பிறநாட்டுக் காணியிற் பணம் முதலிட்டால், அன்று அந்த இலண்டன் பங்காளர் இருந்த இடத்திலேயே இவரும் நிற்கின்றார் என்பதை மறத்தலாகாது.

2. காணியின் உரிமை

முதலில் அறிய வேண்டியது, கம்பனி காணியை வாங்கியதா, குத்தகைக்கு எடுத்ததா, அல்லது அரசிடமிருந்து வாக்குறுதி மாத்திரம் பெற்றதா என்பதாகும். விளம்பரங்களில் இம்மூன்றும் ஒன்றுபோலவே எழுதப்படும்.

உக்ரேன் நாட்டில் 2001ஆம் ஆண்டு தொடக்கம் 2021 ஜூலை வரை பயிர்க்காணி விற்பனைக்குத் தடை இருந்தது. ஆகவே அங்கு சென்ற கம்பனிகள் கூட்டுப்பண்ணை கலைந்தபோது காணிப் பங்கு பெற்ற கிராமத்தவர் பலரிடமிருந்து சிறு சிறு துண்டுகளைக் குத்தகைக்கே எடுத்தன. குத்தகை முடியும்போது அவ்வுடன்படிக்கைகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இத்தகைய காணியை விற்றுப் பணமாக்க இயலாது.

மடகஸ்காரில் 2008ஆம் ஆண்டு தென்கொரியக் கம்பனியொன்று 13 இலட்சம் ஹெக்டேயர் காணியை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறவிருப்பதாகச் செய்தி வெளிவந்தது. அந்நாட்டு மக்கள் அதனை வன்மையாக எதிர்த்தனர். 2009 மார்ச்சில் ஆட்சி மாறியதும் புதிய அரசு அவ்வேற்பாட்டை இரத்துச் செய்தது. அக்காணியில் ஏற்கனவே குடியிருப்போர் யாவர், கால்நடை மேய்ப்போர் யாவர், அவர்கள் மனமொத்துக் கொடுத்தனரா என்பவற்றைக் கேளாமல் விடுதல் பெருந்தவறு. பிறருடைய சீவனத்தைப் பறித்துப் பெற்ற காணி, முறையற்றதாதலுடன் நிலையற்றதுமாகும்.

3. மண், மழை, நீர்

பிரித்தானிய அரசு தங்கனீக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், நடத்திய நிலக்கடலைத் திட்டம் இதற்குச் சிறந்த உதாரணம். 1946இல் மூவர் கொண்ட குழு ஒன்பது வாரம் அங்கு சுற்றிப் பார்த்தது. பெரும்பகுதியை விமானத்திலிருந்தே பார்த்தது. ஏறக்குறைய 32 இலட்சம் ஏக்கரில் நிலக்கடலை பயிரிடலாம் என அது அறிக்கை கொடுத்தது. 1947இற் கொங்வா என்னுமிடத்தில் வேலை தொடங்கிற்று. அவ்விடத்து மண்ணிற் களிமண் மிகுதி. மழைக்காலம் முடிந்ததும் அது இறுகிக் கல்லைப்போல ஆயிற்று. மண்ணுள் விளைந்த கடலையைப் பிடுங்கி எடுத்தல் கடினமாயிற்று. மண்ணிலிருந்த படிகக் கல் கலப்பைகளைத் தேய்த்தது. மழையும் எதிர்பார்த்தவாறு பெய்யவில்லை. 1951இல் ஏறக்குறைய 3 கோடி 60 இலட்சம் பவுண் நட்டத்துடன் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஓர் அரசின் பணமும் இயந்திரமும் மண்ணின் குறையை ஈடுசெய்ய இயலாவிடின் சிறு கம்பனியொன்றால் எவ்வாறு இயலும்?

ஆகவே சராசரி மழை இத்தனை அங்குலம் என்பதோடு திருப்தியடையலாகாது. அம்மழை எம்மாதத்திற் பெய்கின்றது, பூக்கும் காலத்தில் வரட்சி வருவதுண்டா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மழை பொய்க்கின்றது என்று கேட்டல் வேண்டும். மாரி மழை பிந்தினால் நெற்செய்கைக்கு நேர்வதை அறிந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நீர் குறைதல் மட்டுமன்றி மிகுதலும் தீங்காகும். பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி என்னும் ரோசாப்பூக் கம்பனி எதியோப்பியாவின் கம்பெல்லா மாகாணத்தில் 1 இலட்சம் ஹெக்டேயரைக் குத்தகைக்குப் பெற்றது. குத்தகைப் பணம் மிகக் குறைவு. ஆனால் காணியின் பெரும்பகுதி பாரோ ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருந்தது. 2011இல் ஆறு பெருகிச் சோளப் பயிரை அழித்தது. குத்தகை பெற்ற பரப்பிற் சிறு பகுதியே பண்படுத்தப்பட்டிருந்த நிலையில், 2015ஆம் ஆண்டின் இறுதியில் எதியோப்பிய அரசு குத்தகையை இரத்துச் செய்தது. மலிவாகக் கிடைக்கும் காணி ஏன் மலிவாகக் கிடைக்கின்றது என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

4. பயிர் அவ்விடத்திற் சோதிக்கப்பட்டதா?

2000ஆம் ஆண்டின் பின்னர் காட்டாமணக்கு விதையிலிருந்து எரிநெய் எடுக்கலாம் என்று பல சிறு கம்பனிகள் தோன்றின. வரண்ட, பயனற்ற நிலத்திலும் அது விளையும் என்று கூறப்பட்டது. இலண்டனிற் பதிவு பெற்ற டீ-ஒன் ஒயில்ஸ் என்னும் கம்பனியுடன் பிரித்தானியப் பெற்றோலியக் கம்பனியான பீ.பி. 2007இற் கூட்டுச் சேர்ந்தது, 2009இல் விலகிக்கொண்டது. காட்டாமணக்கு வரண்ட நிலத்தில் உயிர்வாழும் என்பது மெய். வரண்ட நிலத்தில் இலாபந் தரும் அளவுக்குக் காய்க்கும் என்பது மெய்யன்று. உயிர்வாழ்தல் வேறு, விளைதல் வேறு. பசளையும் நீருமின்றி விளைச்சல் தருவதாகக் கூறப்படும் எப்பயிரையும் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

கம்பனி எதிர்பார்க்கும் விளைச்சலை அயற்கமக்காரர் உண்மையாகப் பெறும் விளைச்சலுடன் ஒப்பிடுக. ஆராய்ச்சி நிலையத்தின் சிறு பாத்தியிற் கிடைத்த விளைச்சலைப் பல்லாயிரம் ஏக்கருக்குப் பெருக்கிக் காட்டினால் அதனை ஏற்றுக்கொள்ளலாகாது.

5. ஓர் ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தல்

கம்பனியின் பெரிய எண்களை ஓர் ஏக்கருக்குக் குறைத்துப் பார்த்தாற் பொருள் விளங்கும். பின்வரும் எண்கள் முறையை விளக்குவதற்காகக் கற்பிக்கப்பட்டவை.

ஒரு கம்பனியின் பங்குகள் யாவற்றினதும் சந்தை மதிப்பு 200 கோடி ரூபா. அதன் கடன் 40 கோடி ரூபா. எனவே முழுத் தொழிலின் விலை 240 கோடி ரூபா. கடனைக் கூட்ட மறத்தலாகாது. கடன் கொடுத்தவர் பங்காளருக்கு முன் தம் பணத்தைப் பெறுவார்.

கம்பனி 10,000 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துள்ளதாக விளம்பரம் செய்கின்றது. 240 கோடியை 10,000 ஆற் பிரித்தால் ஏக்கருக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வரும். இது மலிவாகத் தோன்றும். ஆனால் காடு வெட்டிப் பண்படுத்திப் பயிரிட்ட பரப்பு 2,000 ஏக்கரே எனின், ஏக்கருக்கு 12 இலட்சம் ரூபாவாகும். காட்டை வெட்டவும் வாய்க்கால் அமைக்கவும் இன்னும் பணம் வேண்டும். ஆதலாற் பயிரிட்ட பரப்பைக்கொண்டே முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

இனி விளைச்சலைப் பார்ப்போம். சோளம் ஏக்கருக்கு 2,400 கிலோ விளைகின்றது. பண்ணையில் விற்கும் விலை கிலோவுக்கு 80 ரூபா. வரவு 1,92,000 ரூபா. உழவு, விதை, பசளை, கூலி, அறுவடை ஆகியவற்றுக்கு ஏக்கருக்கு 1,20,000 ரூபா செலவு. தலைமை அலுவலகச் செலவு ஆண்டுக்கு 8 கோடி ரூபா. அதனை 2,000 ஏக்கராற் பிரித்தால் ஏக்கருக்கு 40,000 ரூபா. மொத்தச் செலவு 1,60,000 ரூபா. எஞ்சும் இலாபம் 32,000 ரூபா.

இந்த 32,000 ரூபாவை ஏக்கருக்குக் கொடுத்த 12 இலட்சத்துடன் ஒப்பிட்டால் நூற்றுக்கு 3 வீதமும் இல்லை. விளைச்சல் ஆறிலொரு பங்கு குறைந்து 2,000 கிலோவானால் இலாபம் முழுவதும் போய்விடும். நாலிலொரு பங்கு குறைந்தால் ஏக்கருக்கு 16,000 ரூபா நட்டம். விளைச்சல் குறையாமல் விலை மாத்திரம் பத்திலொரு பங்கு குறைந்தால் இலாபம் 12,800 ரூபாவாகச் சுருங்கும்.

இக்கம்பனி நூற்றுக்கு 20 வீத வருவாய் தருவதாகக் கூறினால், 12 இலட்சம் ரூபாவுக்கு ஏக்கரொன்றில் 2,40,000 ரூபா இலாபம் கிடைத்தல் வேண்டும். அவ்வேக்கரின் முழு விளைச்சலையும் விற்றாலும் 1,92,000 ரூபாவே வரும். செலவே இல்லாமல் விளைந்தாலும் அவ்வாக்குறுதியை நிறைவேற்ற இயலாது. இச்சிறு கணக்கைச் செய்து பார்ப்பவர் பெரும் நட்டத்திலிருந்து தப்புவர்.

6. கொண்டுசெல்லலும் அரசாங்கக் கட்டளையும்

விளைந்த பொருள் துறைமுகத்தை அடையாவிடிற் பயனில்லை. பண்ணையிலிருந்து எத்தனை மைல், மழைக்காலத்திற் பாதை திறந்திருக்குமா, உலர்த்தும் களமும் களஞ்சியமும் உளவா என்று கேட்டல் வேண்டும். துறைமுக விலையைப் பண்ணை விலையாகக் காட்டும் கணக்கு பொய்க் கணக்காகும்.

இரசியாவின் கருமண் பிரதேசத்திற் சுவீடன் நாட்டு முதலீட்டாளர் பணத்துடன் பிளாக் ஏர்த் பாமிங் என்னும் கம்பனி 3 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பெற்றது. கருமண் உலகின் வளமிக்க மண்களுள் ஒன்று. எனினும் 2010இற் கடும் வரட்சி வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் இரசிய அரசு தானிய ஏற்றுமதியைத் தடைசெய்தது. அத்தடை 2011 ஜூலை வரை நீடித்தது. விளைச்சல் குறைந்த ஆண்டில், பிறநாட்டுச் சந்தையின் நல்ல விலையையும் கம்பனி பெற இயலவில்லை. பல ஆண்டு நட்டத்தின் பின் 2017இல் அது தன் இரசியக் காணிகளை விற்றுத் தொழிலை முடித்துக்கொண்டது. மண் மாத்திரம் இலாபந் தராது என்பதற்கு இதுவே சான்று.

ஓர் அரசின் கட்டளை ஒரே போகத்திற் பயிர்ச்செய்கையை மாற்றிவிடும் என்பதை இலங்கைக் கமக்காரரும் அறிவர். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வயல்களில் நேர்ந்தது யாவரும் அறிந்ததே. நாணய மதிப்பும் அவ்வாறே மாறும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பயிர் விளையும் நாட்டின் நாணயம் இவ்வாறு வீழ்ந்தால், அங்கு பெற்ற இலாபம் இங்கு வந்து சேரும்போது பாதியாகலாம்.

7. கம்பனியின் கணக்கறிக்கை

கணக்கறிக்கையில் மூன்றைச் சிறப்பாகப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, காசு. சர்வதேசக் கணக்கியல் நியமம் 41இன்படி, வயலில் நிற்கும் பயிரையும் கால்நடையையும் அவற்றின் நியாய மதிப்பிற் கணக்கிற் சேர்ப்பர். ஆகவே அறுவடைக்கு முன்னரே, எதிர்பார்க்கும் விலையில் மதிப்பிட்டு, இலாபம் எனக் காட்டப்படுவதுண்டு. இது சட்டத்துக்கு மாறானதன்று. ஆயினும் கதிரில் நிற்கும் நெல்லைக் களஞ்சியத்தில் உள்ள நெல்லாகக் கமக்காரர் எண்ணுவதில்லை. காசுப்பாய்ச்சற் கூற்றைப் பார்த்து, தொழிலிலிருந்து உண்மையாகக் காசு வந்ததா என அறிதல் வேண்டும்.

இரண்டாவது, பங்குகளின் எண்ணிக்கை. காசு போதாத கம்பனி ஆண்டுதோறும் புதுப் பங்குகளை வெளியிடும். ஒரு கோடிப் பங்கு இரண்டு கோடியானால், பழைய பங்காளரின் உரிமை பாதியாகும். காணி பெருகியபோதிலும் ஒரு பங்குக்குரிய காணி பெருகியதா என்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பணிப்பாளர்களின் ஊதியமும் உறவும். பண்ணைக்கு இயந்திரம் விற்பவரும், காணியை விற்றவரும், கம்பனியை நடத்துபவரும் ஒருவரேயானால், பங்காளரின் பணம் எப்பக்கம் பாயும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நிலைத்து நிற்கும் சிறு கம்பனிகளும் உள. இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனை பயிரிடும் எம்.பி. எவன்ஸ் என்னும் பிரித்தானியக் கம்பனி பல ஆண்டுகளாகப் பங்கிலாபம் வழங்கி வந்துள்ளது. 2016இல் மலேசியக் கம்பனியொன்று அதனை முழுமையாக வாங்க முயன்றபோது அதன் பணிப்பாளர்கள் அவ்விலை போதாதென மறுத்தனர், அம்முயற்சி நிறைவேறவில்லை. பிடித்த பயிரை விடாது, சிறிது சிறிதாக நட்டு, காய்த்த மரத்தின் வருவாயைக்கொண்டு அடுத்த தோட்டத்தை வளர்ப்பதே இத்தகைய கம்பனிகளின் இயல்பு. இங்கு இது உதாரணமாகவே கூறப்பட்டது. வாங்குமாறு கூறும் பரிந்துரையன்று.

8. காணித் துண்டு விற்பனையும் உறுதியளித்த வருவாயும்

பங்கு என்று கூறாமல், தோட்டத்தின் ஒரு துண்டையே விற்பதாகக் கூறுவோரும் உளர். சியராலியோனில் உள்ள நெற்பண்ணையொன்றின் துண்டுகளை உபகுத்தகையாகப் பிரித்தானிய மக்களுக்கு விற்ற திட்டத்துக்கு எதிராக அந்நாட்டு நிதி நடத்தை அதிகாரசபை வழக்குத் தொடுத்தது. அது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டமே என 2014இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. துண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தாலும், உழுதவரும் அறுத்தவரும் விற்றவரும் திட்டத்தை நடத்தியோரே. துண்டை வாங்கியவருக்கு அதன்மீது ஆட்சி இருக்கவில்லை.

பயிர்ச்செய்கையில் வருவாயை உறுதியளிக்க எவராலும் இயலாது. மாதந்தோறும் தவறாது பணம் தரப்படுமாயின், அது விளைச்சலிலிருந்து வருகின்றதா, பின்னர் சேர்ந்தவரின் பணத்திலிருந்து வருகின்றதா என்று கேட்டல் வேண்டும். நடுவதற்கும் அறுப்பதற்கும் இடையே மாதங்கள் செல்லும். அவ்வாறிருக்க, முதல் மாதமே இலாபம் எங்கிருந்து வந்தது?

9. இலங்கையிற் கவனிக்க வேண்டியவை

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றது என்பது கம்பனி ஒன்று உண்டு என்பதற்கு மாத்திரமே சான்று. அதன் தொழில் நல்லது என்பதற்குச் சான்றன்று. பொதுமக்களிடமிருந்து வைப்புப் பணம் ஏற்பதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகின்றது. ஆள்சேர்த்தாற் பணம் தரும் கூம்பகத் திட்டங்கள் வங்கித்தொழிற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டவை. பிறநாட்டில் முதலிடப் பணம் அனுப்புதல் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு அமைதல் வேண்டும். ஆதலாற் பணத்தை முகவர் கையிற் கொடாது, அதிகாரம் பெற்ற வங்கியில் முதலில் விசாரித்தல் வேண்டும்.

சுருக்கம்

பணம் கொடுக்குமுன் பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுக.

1. காணி யாருடையது? குத்தகை எத்தனை ஆண்டு? அங்கு முன்பு பயிர் செய்தவர் யார்?
2. பயிரிட்ட பரப்பு எவ்வளவு? கடனையும் சேர்த்து ஓர் ஏக்கரின் விலை என்ன?
3. அயற்கமக்காரர் பெறும் விளைச்சல் எவ்வளவு?
4. விளைச்சல் நாலிலொரு பங்கு குறைந்தால் இலாபம் எஞ்சுமா?
5. மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் செய்வது என்ன?
6. இலாபம் காசாக வந்ததா, மதிப்பீட்டில் மாத்திரம் வந்ததா?
7. பங்கை விற்க விரும்பினால் யார் வாங்குவர்?

இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடையாவிடிற் பணத்தைக் கொடாதிருத்தல் நன்று. எல்லாவற்றுக்கும் நல்ல விடை கிடைத்தபோதிலும், இழந்தாலும் குடும்பம் தாங்கத்தக்க தொகையையே முதலிடல் வேண்டும். அடுத்த போகத்துக்கான விதை, பசளை, உழவுக் கூலி ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பணத்தை எக்காரணங்கொண்டும் இதற்கு எடுத்தலாகாது. கடன்பட்டோ வயலை ஈடுவைத்தோ பிறநாட்டுக் காணியிற் பணம் முதலிடுபவர், தாம் காணாத காணிக்காகக் கண்முன் உள்ள காணியை இழக்க நேரிடும்.